ஊர் இழந்த துலிப்

இங்கிலாந்தில் மே மாதம் முடிகிற சமயத்தில் துலிப் பருவம் ஏறக்குறைய ஓய்ந்துவிடும். ஏப்ரலில் பாத்தி பாத்தியாக நின்ற பெரிய பூக்கள் இதழ் கொட்டியிருக்கும். இலைகள் மஞ்சளாகியிருக்கும். தோட்டக்காரர்கள் அவற்றைப் பிடுங்கிக் கூடையில் போட்டுக்கொண்டிருப்பார்கள். அந்த நேரத்தில் பாறைத் தோட்டங்களின் ஓரத்தில், கல் இடுக்கிலும் புதர் நிழலிலும் ஒரு துலிப் அப்போதுதான் மொட்டு விரிக்கும். மெலிந்த தண்டு, முழங்கால் உயரம்கூட இராது. பளபளக்கும் பச்சை இலைகள். கூர்மையான ஆறு இதழ்கள், உள்ளே கலப்பற்ற சிவப்பு. சிவப்புத் துலிப்கள் பலவற்றின் அடியில் காணும் கறுப்புத் திட்டு இதில் இல்லை. வெளி இதழ்களின் முதுகில் மட்டும் மங்கிய பொன்னிறம் பூசியிருக்கும். இதன் அறிவியல் பெயர் துலிபா ஸ்ப்ரெங்கேரி. துலிப் இனங்களில் கடைசியாகப் பூப்பது இதுதான் என்பார்கள்.

இந்தப் பூவுக்குச் சொந்த ஊர் ஒன்று இருந்தது. அங்கே இது இப்போது இல்லை.

அந்த ஊர் அமாசியா. வடக்குத் துருக்கியில், கருங்கடலை ஒட்டி நீளும் பொன்டிக் மலைகளுக்குப் பின்னால், யெஷில்இர்மாக் ஆறு செங்குத்துப் பாறைகளுக்கு நடுவே போகிற இடம். பாறை முகத்தில் பொன்டஸ் மன்னர்களின் கல்லறைகள் குடையப்பட்டிருக்கின்றன. பண்டைய புவியியலாளர் ஸ்ட்ராபோ பிறந்த ஊர். ஆப்பிளுக்குப் பேர்போனது. 1890களின் தொடக்கத்தில் அங்கே வசித்த ஒரு ஜெர்மானியர், சுற்றுவட்டார மலைகளில் தோண்டிய துலிப் கிழங்குகளை இத்தாலிக்கு அனுப்பினார். அவை போய்ச் சேர்ந்தது நேப்பிள்ஸ் அருகே இருந்த டாம்மன் நாற்றுப்பண்ணைக்கு. கார்ல் லுட்விக் ஸ்ப்ரெங்கர் என்ற ஜெர்மன் தாவரவியலாளர் அங்கே பணிபுரிந்தார். 1894இல் லண்டன் கியூ தோட்டத்தைச் சேர்ந்த ஜான் கில்பர்ட் பேக்கர் இதைப் புது இனம் என்று விவரித்து, ஸ்ப்ரெங்கரின் பெயரையே வைத்தார்.

அதற்குப் பிறகு நடந்தது மிகக் குறுகிய கதை. உலகம் இந்தப் பூவின் பெயரை அறிந்து அதிக காலம் ஆகும் முன்பே, மலையில் இது கண்ணில் படுவது நின்றுவிட்டது. பின்னால் தேடிப் போனவர்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள். கிழங்குகள் அளவுக்கு மீறித் தோண்டப்பட்டதே பெரிய காரணம் என்று கருதப்படுகிறது. காட்டில் இது அற்றுப்போனதாகவே தாவரவியலாளர்கள் கொள்கிறார்கள். இன்று உயிரோடு இருக்கும் ஸ்ப்ரெங்கேரி ஒவ்வொன்றும் ஏதோ ஒரு தோட்டத்தில் இருக்கிறது, அல்லது தோட்டத்திலிருந்து வந்தது.

இதைக் கேட்டவுடன் யாரையாவது குற்றம் சொல்லத் தோன்றும். அமாசியாவில் தோண்டியவரையா, நேப்பிள்ஸில் வாங்கி விற்றவரையா, அரிய பூ வேண்டும் என்று பணம் நீட்டிய ஐரோப்பியத் தோட்டக்காரரையா? அவர்கள் ஆசைப்படாமல் இருந்திருந்தால் அந்த மலைச்சரிவு ஜூன் மாதங்களில் இன்னும் சிவந்துகொண்டிருக்கலாம். அதே சமயம், மலையில் இது அழிந்த பிறகும் பூமியில் இது இருப்பதற்குக் காரணம் அந்த ஆசைதான். எடுத்த கையும் காத்த கையும் ஒன்றாக இருக்கும்போது, நன்றி சொல்வதா கோபப்படுவதா என்று மனம் தடுமாறுகிறது. இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொண்டு நிம்மதியாக இருப்பது எளிது. நிம்மதி இல்லாமலே கொஞ்ச நேரம் இதன் பக்கத்தில் நின்றால், வேறொரு கேள்வி எழுகிறது. ஆசைப்பட்டு எடுத்துச் சென்ற எத்தனையோ பூக்கள் தோட்டத்திலும் மாண்டுபோயின. இது மட்டும் எப்படிப் பிழைத்தது?

இதற்கு நேர் எதிரான ஒரு துலிப்பை வைத்துப் பார்த்தால் விடை துலங்கும். 17ஆம் நூற்றாண்டின் ஹாலந்தில் செம்பர் அகஸ்டஸ் என்று ஒரு துலிப் இருந்தது. வெள்ளை இதழில் சிவப்புச் சுடர்கள் ஏறியது போன்ற பூ. 1620களில் அதன் கிழங்குகள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவே இருந்தன. அவையும் ஒரே ஒருவரிடம். எவ்வளவு கொடுத்தாலும் அவர் விற்க மறுத்தார் என்று அக்காலக் குறிப்புகள் சொல்கின்றன. துலிப் மோகம் உச்சத்தில் இருந்த 1637இல், அதன் ஒரு கிழங்குக்கு 10,000 கில்டர் வரை விலை பேசப்பட்டதாம். ஆம்ஸ்டர்டாமின் கால்வாய்க் கரையில் நல்லதொரு வீடு வாங்கக்கூடிய தொகை. அந்த ஆண்டு பிப்ரவரியில் சந்தை சரிந்தது. பூவும் பின்னொரு காலத்தில் சத்தமில்லாமல் மறைந்துபோயிற்று. இன்று செம்பர் அகஸ்டஸ் ஓவியங்களில் மட்டுமே இருக்கிறது.

அதன் அழகுக்குக் காரணம் ஒரு நோய். செடிப்பேன்கள் பரப்பும் வைரஸ் ஒன்று இதழின் நிறத்தை உடைத்துச் சுடராக்குகிறது. ஒரு கிழங்கிலிருந்து இன்னொன்றுக்குத் தொற்றுகிற விஷயம் இது என்பதை, இங்கிலாந்தின் ஜான் இன்னஸ் ஆய்வுக்கூடத்தில் டோரதி கேய்லி 1928இல்தான் மெய்ப்பித்தார். வைரஸ் தொற்றிய கிழங்கு பலவீனமானது, பக்கக் கிழங்குகளை அரிதாகவே ஈனும். விதை போட்டாலோ சுடர் வராது, வெறும் துலிப்தான் வரும். ஆகவே அந்த அழகைத் தொடர ஒரே வழி, இருக்கிற கிழங்கை இறுக்கிப் பிடித்துக்கொள்வது. அவர்கள் பிடித்துக்கொண்டார்கள். பிடி எவ்வளவு இறுக்கமாக இருந்தாலும், உள்ளே இருப்பது ஆண்டுக்காண்டு நலிந்துகொண்டே போனது.

ஸ்ப்ரெங்கேரியின் இயல்பு வேறு. பக்கக் கிழங்குகள் இதற்கும் தாராளமாக வராது. தோண்டி எடுத்து உலர்த்தி விற்கிற வணிகத்துக்கு இது லாயக்கில்லாத செடி. ஆனால் விதையில் இது வள்ளல். பூ உதிர்ந்ததும் தண்டின் நுனியில் ஒரு காய் நிமிர்ந்து நிற்கும். கோடை போகப் போக அது பழுப்பாகி வெடித்து, தட்டையான விதைகளைச் சுற்றிலும் உதறும். குளிர்காலத்தின் குளிர் விதையின் உறக்கத்தைக் கலைக்கும். வசந்தத்தில் ஒரே ஓர் இலை எழும். புல்லிதழ் மாதிரி அத்தனை மெல்லியது. துலிப் என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள்.

அந்த ஓர் இலை சில வாரங்கள் வெயிலைத் தின்றுவிட்டுக் காய்ந்துபோகும். அதற்குள் மண்ணுக்கடியில் ஒரு வேலை நடந்திருக்கும். இளம் துலிப் தன் கிழங்கிலிருந்து கீழ்நோக்கி ஒரு குழாயை நீட்டுகிறது. அந்தக் குழாயின் நுனியில் அடுத்த ஆண்டுக்கான புதுக் கிழங்கு உருவாகிறது. ஒவ்வோர் ஆண்டும் இப்படிச் சிறிது சிறிதாக ஆழம் இறங்குகிறது. உறைபனியும் கோடை வெப்பமும் எலியின் பல்லும் எளிதில் எட்டாத இடத்துக்குப் போய்ச் சேர்வதற்கே அதன் இளமைக்காலம் செலவாகிறது. மேலே ஆண்டுதோறும் தெரிவது அதே ஒற்றை இலைதான். நான்கு, ஐந்து ஆண்டுகள் கழித்துத்தான் முதல் பூ.

முதிர்ந்த பிறகும் துலிப் கிழங்கு நிலையானதல்ல. வசந்தத்தில் இலையையும் பூவையும் எழுப்புவதில் தாய்க் கிழங்கு முழுவதும் கரைந்துவிடும். அதன் மடிப்புகளுக்குள் வளர்ந்த மகள் கிழங்கு அந்த இடத்தை எடுத்துக்கொள்ளும். ஒரே இடத்தில் 20 ஆண்டுகளாகப் பூக்கிறது என்று நாம் நினைக்கும் துலிப், உண்மையில் 20 தலைமுறை. கோடையில் மேலே எல்லாம் காய்ந்து செத்தது போல் கிடக்கும்போது, அடுத்த வசந்தத்தின் மொட்டு கிழங்கின் நடுவில் கண்ணுக்குத் தெரியாத அளவில் வடிவம் கொள்கிறது. பிறகு சில மாதக் குளிர் கிடைத்தால்தான் தண்டு நீளும். நம் சமவெளியில் துலிப் நிலைத்து வாழாததற்குக் காரணம் இதுதான். வெயிலை அது தாங்கிக்கொள்ளும், குளிர் இல்லாமல் அதற்குப் பூக்கத் தெரியாது.

இப்படிப்பட்ட செடியைப் பாறைத் தோட்டம் ஏன் ஏற்றுக்கொள்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். பாறைத் தோட்டம் ஐரோப்பாவில் நெடுநாளாக இருந்துவருகிற ஆசை. லண்டன் செல்ஸீ மூலிகைத் தோட்டத்தில் 1773இல் ஒன்று அமைத்தார்கள். இயற்கையியலாளர் ஜோசப் பேங்க்ஸ் ஐஸ்லாந்திலிருந்து கொண்டுவந்த எரிமலைக் கற்களும், லண்டன் கோபுரத்துக் கட்டடக் கற்களும் அதில் இருக்கின்றன. கியூ தோட்டத்தின் பாறைத் தோட்டம் 1882இல் பிரனீஸ் மலைப் பள்ளத்தாக்கு ஒன்றை மனத்தில் வைத்துக் கட்டப்பட்டது. ஹென்லி நகரில் ஃபிராங்க் கிரிஸ்ப் என்ற செல்வந்தர் மாட்டர்ஹார்ன் சிகரத்தையே சிறிதாக்கித் தன் தோட்டத்தில் நிறுத்தினார். மலையின் தோற்றத்தை நகலெடுப்பதில் இருந்த இந்த ஆர்வத்தை, பாறைத் தோட்டக் கலையின் பெரிய எழுத்தாளரான ரெஜினால்ட் ஃபாரர் 1900களின் தொடக்கத்தில் கேலி செய்து தீர்த்தார். மண்மேட்டில் கல்லைக் கூராகக் குத்தி நிறுத்தியதெல்லாம் அவர் கண்ணுக்குப் பாதாம் பருப்பு செருகிய புட்டிங்.

செடிக்குச் சிகரம் தேவையில்லை. மழை பெய்தால் நீர் தேங்காமல் ஓடிவிட வேண்டும். கிழங்கின் கழுத்தைச் சுற்றிச் சரளைக்கல் இருந்தால் அழுகாது. கல்லுக்கு அடியில் வேர் குளிர்ச்சியாக இருக்க வேண்டும். கோடையில் யாரும் தண்ணீர் ஊற்றித் தொந்தரவு செய்யக் கூடாது. தியென்ஷான், பாமிர் மலைகளிலிருந்து வந்த காட்டுத் துலிப்கள் பலவும் இதைக் கறாராகக் கேட்பவை. இங்கிலாந்தின் ஈரக் கோடையில் கண்ணாடிக் கூரை போட்டுக்கூட அவற்றைக் காப்பாற்ற வேண்டியிருக்கும். ஸ்ப்ரெங்கேரி அவ்வளவு கறார் இல்லை. கோடை ஈரத்தைப் பொறுத்துக்கொள்ளும், அரைநிழலிலும் பூக்கும். பாறைத் தோட்டத்தில் நட்டால் அந்த எல்லைக்குள்ளேயே நிற்காது. நடைபாதைச் சரளையில், புல்வெளி ஓரத்தில், யாரும் நடாத இடத்தில் சில ஆண்டுகள் கழித்துத் தலைகாட்டும். மற்றத் துலிப்கள் ஓய்ந்த பிறகு பூப்பதால் அவற்றோடு கலக்கும் வாய்ப்பும் மிகக் குறைவு. ஆகவே விதையிலிருந்து வருவது பெரும்பாலும் அதுவாகவே வரும்.

இந்தச் செடியை வைத்திருக்கும் தோட்டக்காரர் செய்ய வேண்டியவற்றைப் பட்டியல் போட்டால், அதில் பாதிக்கு மேல் செய்யாமல் விட வேண்டியவை. வாடிய பூவை நறுக்கக் கூடாது. கிழங்குக்கு நல்லது என்று மற்றத் துலிப்களில் காயை ஒடித்து எறிவார்கள், இதில் ஒடிக்கக் கூடாது. பழுப்பேறிய காய்த்தண்டுகள் பாத்தியில் அலங்கோலமாக நிற்பதைப் பார்த்துக்கொண்டிருக்கத் தெரிய வேண்டும். களை பறிக்கும்போது புல் மாதிரி எது முளைத்தாலும் கை தயங்க வேண்டும். அவசரப்பட்ட ஒரு களைக்கொத்து ஐந்து ஆண்டுக் காத்திருப்பைக் கெல்லி எறிந்துவிடும். அதோடு, முளைத்தது எங்கே முளைத்ததோ அங்கேயே இருக்கட்டும் என்று விட வேண்டும். ஒழுங்கான தோட்டம் வேண்டும் என்பவரிடம் இது பெருகுவதில்லை. கொஞ்சம் கலைந்த தோட்டங்களில்தான் இது தழைக்கிறது.

பெருகிய பிறகு இன்னொரு காரியம் இருக்கிறது. அதுதான் எல்லாவற்றிலும் பெரியது. விதையைக் கொடுத்துவிட வேண்டும். பிரிட்டனில் ஆல்பைன் தோட்டச் சங்கம் 1929இலும், ஸ்காட்லாந்து பாறைத் தோட்டக் கழகம் 1933இலும் தோன்றின. உறுப்பினர்கள் தங்கள் செடிகளின் விதையைச் சேகரித்து அனுப்புவதும், ஆண்டுதோறும் அது பங்கிடப்படுவதும் இவற்றின் முக்கியப் பணிகளில் ஒன்று. வியாபாரிக்கு லாபம் தராத ஒரு துலிப், இப்படிச் சிறு காகித உறைகளில் தபாலில் ஊர் ஊராகப் போயிருக்கிறது. வாங்கியவர் முகத்தைக் கொடுத்தவர் பார்த்திருக்க மாட்டார். பூக்கும்போது இருவரில் ஒருவர் உயிரோடு இல்லாமலும் போகலாம். ஒருவர் தோட்டத்தில் வெள்ளம் வந்தாலும், இன்னொருவர் வீட்டை விற்றுவிட்டுப் போனாலும், வேறெங்கோ ஒரு கல்லிடுக்கில் இது ஜூனில் சிவக்கும்.

கதை இங்கே முடிந்திருந்தால் தோட்டக்காரர்களுக்கு ஒரு மாலை போட்டுவிட்டு எழுந்துவிடலாம். ஆனால் தோட்டம் காப்பாற்றியது செடியை மட்டும்தான். அமாசியாவின் சரிவில் அதைச் சுற்றி இருந்த புற்கள், அதைத் தேடி வந்த வண்டுகளும் தேனீக்களும், மண்ணில் அதோடு பழகிய பூஞ்சைகள், எதுவும் நேப்பிள்ஸுக்குக் கப்பலேறவில்லை. வந்த கிழங்குகளில் தோட்டங்களில் நிலைத்தவை சொற்பமாகவே இருந்திருக்கும். இன்று எத்தனை தோட்டங்களில் பூத்தாலும், எல்லாம் அந்தச் சொற்பத்தின் வழித்தோன்றல்கள். மலை முழுவதும் பரவியிருந்த காலத்து வேற்றுமைகள், ஒன்று சற்று முன்னால் பூப்பது, ஒன்று வறட்சியைத் தாங்குவது என்பவை பெரும்பாலும் மலையோடு போயிருக்கும். புது நோய் ஒன்று வந்தால் எதிர்த்து நிற்க அந்த வேற்றுமைதான் கைகொடுக்கும்.

திரும்ப ஊரில் கொண்டுபோய் வைப்பதும் லேசான காரியம் இல்லை. ஈஸ்டர் தீவின் தோரோமிரோ மரம் அங்கே முற்றிலும் அழிந்தது. 1950களின் நடுவில் நார்வே ஆய்வுப்பயணி தோர் ஹெயர்தால் கொண்டுவந்த விதைகளின் வழியே அது வெளியே பிழைத்தது. அதன் கன்றுகளைத் தீவில் மறுபடி நடும் முயற்சிகள் பலமுறை தோற்றன. மண் மாறிவிட்டது. மரம் தன் ஊரை மறக்காவிட்டாலும் ஊர் மரத்தை மறந்துவிட்டது. ஆறுதலான கதையும் உண்டு. சிலியின் நீலக் குரோக்கஸ், தெகோஃபிலேயா சயனோகுரோகஸ், ஸ்ப்ரெங்கேரியைப் போலவே தோட்டங்களில் மட்டும் எஞ்சியதாக நெடுங்காலம் எண்ணப்பட்டது. 2001இல் சாந்தியாகோவுக்கு அருகே மலையில் அதன் காட்டுக் கூட்டம் ஒன்று அகப்பட்டது. தோட்டத்துச் செடியால் மலை பிழைக்கவில்லை, மலையில் ஒரு மூலை தானாகவே தப்பித்திருந்தது. அந்த மூலை இருக்கிறவரை, அதற்கு ஈடு எந்தத் தோட்டமும் இல்லை.

விட்டுக்கொடுத்துப் பரப்புவது எப்போதும் நல்லது என்று சொல்வதற்கும் ஸ்ப்ரெங்கரே தடையாக வந்து நிற்கிறார். அவர் பெயரைத் தாங்கிய இன்னொரு செடி நம் வீட்டு வராந்தாக்களில் தொங்குகிறது. நர்சரிகளில் அஸ்பராகஸ் என்று கேட்டால் தருவார்களே, ஊசி ஊசியாய்ப் பச்சைக் கொடிகள் தொட்டியிலிருந்து வழியும் செடி, பூச்செண்டுக்குப் பின்புறம் வைப்பது, அதுதான். அஸ்பராகஸ் ஸ்ப்ரெங்கேரி. நம் தண்ணீர்விட்டான் கிழங்குக்கு உறவு, தென்னாப்பிரிக்காவைச் சேர்ந்தது. வேரோடு ஒரு பிடி பிய்த்து அடுத்த வீட்டுக்குக் கொடுத்தால் போதும், பிழைத்துக்கொள்ளும். ஃபுளோரிடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் ஹவாயிலும் தோட்டத்தைத் தாண்டிக் காட்டுக்குள் நுழைந்து, உள்ளூர்ச் செடிகளை மூடி நெரிக்கும் களையாகிவிட்டது. அதன் சிவப்புப் பழங்களைப் பறவைகள் கொண்டுபோய்ப் போடுகின்றன. ஒரே மனிதரின் பெயரில் இரண்டு செடிகள். ஒன்றுக்குச் சொந்த ஊரே இல்லாமல் போயிற்று, மற்றொன்று கண்ட இடத்தையெல்லாம் சொந்தமாக்கிக்கொண்டது. அந்த மனிதரோ நேப்பிள்ஸை விட்டுக் கோர்ஃபு தீவுக்குப் போய், ஜெர்மன் பேரரசரின் அரண்மனைத் தோட்டத்தைக் கவனித்து, 1917இல் அங்கேயே இறந்தார். இரண்டு செடிகளும் பின்னால் என்ன ஆகப் போகின்றன என்பது அவருக்குத் தெரிந்திருக்க வழியில்லை.

இவற்றையெல்லாம் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது ஒன்று தெளிவாகிறது. செம்பர் அகஸ்டஸை ஒருவர் கை அடைத்து வைத்திருந்தது. ஸ்ப்ரெங்கேரியை ஒரு மலை வைத்திருந்தது. ஒருவர் அளவற்ற அன்போடு பாதுகாத்தார், மலை யுகங்களாகப் பாதுகாத்தது. இரண்டும் போதவில்லை. அன்பிலோ மலையின் வலிமையிலோ குறை இல்லை, இருந்த இடம் ஒன்றே ஒன்று என்பதுதான் குறை. ஒரே இடத்தில் இருப்பதைத் தொலைக்க ஒரே ஒரு கெட்ட காலம் போதும். இன்று தோட்டங்கள் ஸ்ப்ரெங்கேரியைக் காப்பாற்றிவிட்டோம் என்று பெருமைப்பட்டால், அந்தப் பெருமையும் அதே தவற்றின் தொடக்கம்தான். தோட்டங்கள் பல என்றாலும் வம்சம் ஒன்று. மலை இல்லாத தோட்டமும் ஒரு வகையில் ஒற்றை இடமே.

நமக்குப் பிரியமான எதற்கும் இது பொருந்தும். ஒரு கைத்தொழில், ஒரு சமையல் பக்குவம், ஒரு பாட்டு, ஒரு குடும்பத்தின் நினைவு, இவற்றை நாம் பத்திரமாக வைத்திருப்பதாலேயே அவை பத்திரமாகிவிடுவதில்லை. நம்மிடம் மட்டும் இருக்கிறது என்ற நிலையில் எதுவும் ஏற்கெனவே பாதி தொலைந்ததுதான். மீதிப் பாதியை மீட்க இரண்டு காரியங்கள் சேர்ந்து நடக்க வேண்டும். அது பிறந்த மண்ணை அழியாமல் விட்டுவைத்து, அங்கே அது தானே வாழ இடம் கொடுப்பது. அதோடு, நாம் பார்க்காத கைகளுக்கு, நாம் இல்லாத காலத்துக்கு, அங்கே என்ன விளைவு தரும் என்ற பொறுப்புணர்வோடு அதைக் கொடுத்துவிடுவது. கொடுத்த பிறகு அது நம்முடையது என்று சொல்லிக்கொள்ள முடியாது. அப்படிச் சொல்ல முடியாமல் போகும் நாளில்தான் அது உண்மையில் காப்பாற்றப்பட்டிருக்கிறது.